தோட்டா ஏன் தாழ்ந்தது?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூர் வருவதற்குச் சற்று முன்பு, அகழியும் மதிலுமாக ரஞ்சன்குடி கோட்டை எழுந்து நிற்கும். அதைத் தாண்டினால் வாலிகண்டபுரம். 1751-இல் இந்த வட்டாரத்தில் ஒரு சண்டை நடந்தது. ஆற்காடு நவாப் பதவிக்காக ஒரு பக்கம் முகமது அலியும் அவருக்குத் துணையாக ஆங்கிலேயரும் நின்றார்கள். மறுபக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். ஆங்கிலப் படை பீதியடைந்து பின்வாங்கியது. அந்தப் படையில் ராபர்ட் கிளைவ் என்ற இருபத்தைந்து வயது இளைஞரும் இருந்தார். அவர் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

அன்று அங்கே வெடித்த துப்பாக்கிகளின் குழல்கள் உட்புறம் வழவழப்பானவை. உருண்டை ஈயக்குண்டு குழலுக்குள் இடித்துக்கொண்டே வெளியேறும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் வீண்வேலை. குண்டு ஏன் தாழ்கிறது, ஏன் விலகுகிறது என்று சுட்ட சிப்பாய் யாரும் கேட்டிருக்க மாட்டான். ஆனால் அந்தக் கேள்வியை உலகில் முதன்முதலாக முறையாகக் கேட்டு, அளந்து, பதிலும் கண்ட மனிதர் அப்போது அங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தொலைவில், கடலூர் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையில் இருந்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, சோழமண்டலக் கரையின் கோட்டைகளைச் சீரமைக்க 1750-இல் வந்தவர். 1751 ஜூலை 29 அன்று, நாற்பத்து நான்கு வயதில், அதே கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார்.

இன்று ஒருவர் புதிய ரைபிளை மேசைமேல் கிடத்திக் குறி நேர்படுத்தும்போது, எதிர்பார்த்த இடத்துக்குக் கீழே தோட்டா பட்டால், அதன் காரணத்தைத் தேடும் வழியெல்லாம் ராபின்ஸ் போட்டுக்கொடுத்ததுதான். தமிழ் மண்ணில் உயிர்விட்ட இந்த விஞ்ஞானியைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

ராபின்ஸுக்கு முன்பு இருந்த நிலை இது. 1638-இல் வெளியான நூலில் கலிலியோ, எறியப்பட்ட பொருள் பரவளைய வழியில் போகும் என்று நிறுவினார். காற்று இல்லாத வெளிக்கு அது முற்றிலும் சரி. பீரங்கிக்காரர்களும் கணக்கறிஞர்களும் ஒரு நூற்றாண்டுக் காலம் அதையே நம்பி வந்தார்கள். காற்று மெல்லியது, குண்டோ கனமானது, ஆகவே தடை சொற்பம் என்பது அவர்கள் எண்ணம். அதைச் சோதிக்க வேண்டுமானால் குண்டின் வேகத்தை அளக்க வேண்டும். கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் பொருளின் வேகத்தை எப்படி அளப்பது?

ராபின்ஸ் ஒரு ஊசலைக் கட்டினார். சுமார் இருபத்தைந்து கிலோ எடையில், முகப்பில் மரப்பலகை பதித்த ஊசல். குண்டு பலகையில் புதையும். ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதை ஒரு நாடா அளந்து சொல்லும். உந்தம் அழியாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு மீதியைக் கணக்கில் எடுத்துவிடலாம். நாற்பது கிராமுக்குச் சற்றுக் குறைவான குண்டு விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்து மோதினால், ஊசல் விநாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில் நகரும். அளக்கவே முடியாததை, கண்ணால் பார்த்து அளக்கும்படி ஆக்கிய கருவி அது.

ஊசலைத் துப்பாக்கிக்கு அருகே வைத்து ஒருமுறை, தள்ளி வைத்து ஒருமுறை சுட்டபோது உண்மை வெளிப்பட்டது. குண்டு காற்றில் பயங்கரமாக வேகம் இழக்கிறது. முக்கால் அங்குல ஈயக்குண்டு முழு வேகத்தில் பறக்கும்போது, அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேலான விசையால் காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று கூடுவதையும் அவர் கவனித்தார். 1742-இல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார். மூன்றாண்டுகளில் மாபெரும் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். 1746-இல் ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம் ராபின்ஸுக்குக் கிடைத்தது.

காற்றின் வலிமையை ஓர் எண்ணால் சொல்லலாம். இன்றைய 5.56 மி.மீ. ரைபிள் தோட்டா விநாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. காற்றே இல்லாவிட்டால் அது 80 கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். காற்று இருப்பதால் மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது.

இனி தாழ்வுக்கு வருவோம். குழலைத் தரைக்குச் சமமாக வைத்துச் சுடுகிறோம். அதே நொடியில், அதே உயரத்திலிருந்து இன்னொரு தோட்டாவைக் கையிலிருந்து நழுவ விடுகிறோம். சமதளமான தரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் விழும். புவியீர்ப்புக்கு வேகமான தோட்டா, மெதுவான தோட்டா என்ற பேதம் கிடையாது. கால் விநாடியில் முப்பது சென்டிமீட்டர், அரை விநாடியில் ஒன்றே கால் மீட்டர், ஒரு விநாடியில் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்ற கணக்கு எல்லாத் தோட்டாவுக்கும் பொது. ஆகவே "இந்தத் துப்பாக்கியில் தோட்டா ரொம்ப இறங்குது" என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையில் சொல்வது இரண்டில் ஒன்றுதான். தோட்டா இலக்கை அடைய அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அல்லது குழல் அவர் நினைத்த கோணத்தில் இல்லை. நேரமா, கோணமா? நோயறிதல் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

விநாடிக்கு 600 மீட்டர் வேகமுள்ள, எடை கூடிய பழைய வகைத் தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றுத்தடையையும் சேர்த்தால் 100 மீட்டரைக் கடக்க அதற்கு 0.17 விநாடிக்குச் சற்று அதிகமாகும். அதற்குள் அது 15 செ.மீ. விழுந்திருக்கும். 200 மீட்டரில் விழுந்த தூரம் ஏறத்தாழ 70 செ.மீ. தொலைவு இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்குக்கும் மேலாகிறது. வழியில் வேகம் குறைந்துகொண்டே போவதால்தான் அந்த 'மேல்'.

குறிபார்க்கும் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், குழலுக்கு மேலே நாலு செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்கோடு நேராகப் போகிறது. தோட்டா அதற்குக் கீழிருந்து புறப்பட்டு, மேலேறி, வளைந்து இறங்குகிறது. தோட்டா குழலை விட்டதும் தானாக எழும்புகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. ஸ்கோப்பைப் பொருத்தும்போதே குழலைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்கும்படி வைத்துவிடுகிறோம், அவ்வளவுதான். நாம் எடுத்துக்கொண்ட தோட்டாவுக்கு அந்தச் சாய்வு ஒரு பாகையில் ஒன்பதில் ஒரு பங்கு.

இதே துப்பாக்கியை 25 மீட்டரில் நடுப்புள்ளியில் படும்படி நேர்படுத்தினால் என்ன ஆகும்? 50 மீட்டரில் தோட்டா 2 செ.மீ. மேலே படும். 100 மீட்டரில் பார்வைக்கோட்டை மறுபடி சந்தித்து, கிட்டத்தட்ட நடுவிலேயே படும். 150 மீட்டரில் அரைச் சாண் கீழே, 200 மீட்டரில் ஓர் அடிக்கும் மேல் கீழே. 50-இல் மேலே போனதைப் பார்த்து, 200-இலும் மேலேதான் போகும் என்று எண்ணிக் குறியை இறக்கியவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். தோட்டா மீது குற்றமில்லை. ஒரே வளைவை இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறார்.

கிட்ட வைத்து நேர்படுத்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 25 மீட்டரில் ஒரு செ.மீ. பிசகு யார் கண்ணுக்கும் படாது. தோட்டா போட்ட ஓட்டையின் அகலமே அந்த அளவுக்கு வந்துவிடும். அது 100 மீட்டரில் நாலு செ.மீ., 200-இல் எட்டு. எதிர்பாராத தாழ்வு என்று சொல்லப்படுவதில் நிறைய இந்த வகைதான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. கிட்டத்தில் போட்ட குறி ஒரு தொடக்கம் மட்டுமே. எந்தத் தொலைவில் சுடப்போகிறோமோ அந்தத் தொலைவில் தாளை வைத்துச் சுட்டுப் பார்க்காமல் வேலை முடிவதில்லை.

சோதனைக்கு உட்காருபவர் முதலில் செய்ய வேண்டியது, ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டுத் திருகைத் திருப்பாமல் இருப்பது. ஐந்து தோட்டா சுட்டு, ஐந்தும் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தால் தாழ்வைப் பற்றிப் பேசவே இடமில்லை. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகு தளர்ந்திருக்கலாம், கட்டைக்கும் குழலுக்கும் இடையேயான பிணைப்பு ஆடலாம், குழல்முனை அடிபட்டிருக்கலாம், சுடுபவர் விசையை இழுக்காமல் வெட்டி அடிக்கலாம். எண்ணெய் தடவிய குழலிலிருந்து வரும் முதல் தோட்டா மட்டும் தனியே போய் விழுவதும் வழக்கம். குழலையே நேரடியாகக் கல்லிலோ கம்பியிலோ சாய்த்துச் சுட்டால் அதிர்வு மாறி, தோட்டா இடம் மாறும். தாங்கல் வைப்பதானால் மணல்மூட்டையை மரக்கட்டைக்கு அடியில் வைக்க வேண்டும்.

ஐந்தும் ஓரிடத்தில் குவிந்து, ஆனால் கீழே விழுந்திருந்தால்தான் நம் கேள்வி உயிர்பெறுகிறது. இப்போது தாளை இரண்டு தொலைவுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். கோணப் பிசகு தொலைவோடு நேர்விகிதத்தில் வளரும். 50 மீட்டரில் எதிர்பார்த்ததைவிட 3 செ.மீ. கீழே என்றால் 100-இல் 6, 200-இல் 12. வேகக் குறைவோ தொலைவின் இருமடியாக வளரும். நம் தோட்டா பத்து விழுக்காடு மெதுவாகப் புறப்பட்டால், 50 மீட்டரில் ஒரு செ.மீ.கூடக் கீழே போகாது. 100-இல் மூன்றரை செ.மீ., 200-இல் பதினாறு. இரண்டு தாள்களும் ஒரு அளவுகோலும் போதும், குற்றவாளி ஸ்கோப்பா தோட்டாவா என்று சொல்லிவிடலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனையைத்தான் பலரும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

கோணம்தான் பிசகு என்று தெரிந்தால் வேலை எளிது. பெரும்பாலான ஸ்கோப்புகளில் திருகின் ஒரு சொடுக்கு 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும். 25 மீட்டரில் அதே சொடுக்கு 2 மி.மீ.கூட நகர்த்தாது. இதை மறந்து கிட்டத்தில் நாலு சொடுக்குப் போட்டுவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. கெஜம், மீட்டர் குழப்பமும் சாதாரணமானதல்ல: 100 கெஜம் என்பது 91 மீட்டர்தான்.

வேகம்தான் காரணம் என்றால், முதல் சந்தேகம் பெட்டிமேல் அச்சிட்ட எண்ணின் மீது விழ வேண்டும். தயாரிப்பாளர்கள் அந்த வேகத்தை நீண்ட சோதனைக் குழலில் அளக்கிறார்கள். குழல் ஓர் அங்குலம் குட்டையானால் விநாடிக்கு 5 முதல் 10 மீட்டர் வரை வேகம் குறையும். ஆறு அங்குலம் குட்டையான குழலில் அது கணிசமான இழப்பு. தோட்டாவின் எடை மாறியிருக்கலாம். பல ஆண்டுகள் ஈரமும் வெப்பமும் பட்டுக் கிடந்த பழைய சரக்காக இருக்கலாம். ஆயிரக்கணக்கில் சுட்டுத் தேய்ந்த குழலாகவும் இருக்கலாம். இன்று வேகத்தை ஒளியுணரிகளும் சிறிய ரேடார் பெட்டிகளும் நொடியில் சொல்லிவிடுகின்றன. ராபின்ஸின் ஊசல் செய்த அதே வேலை.

வெயிலின் மீது பழிபோடுவது எளிது. பெரம்பலூரின் சித்திரை வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். மார்கழி விடியலில் இருபதை ஒட்டி இருக்கும். குளிர்ந்த வெடிமருந்து சற்று மெதுவாக எரியும், குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியாக இருக்கும். இரண்டும் தோட்டாவைத் தாழ்த்தும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு? பல வெடிமருந்துகளில் ஒரு பாகைக்கு விநாடிக்கு அரை மீட்டர் என்ற அளவில்தான் வேகம் மாறும். இருபது பாகை வித்தியாசம், 200 மீட்டரில் இரண்டு மூன்று செ.மீ. தாழ்வைத் தரும். ஒரு சாண் தாழ்ந்துவிட்டு வானிலையைக் காரணம் சொன்னால் கணக்கு ஒத்துவராது. சரிவும் அப்படித்தான். பச்சைமலை அடிவாரத்தில் நின்று முப்பது பாகை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுட்டால், 200 மீட்டர் தொலைவில் புவியீர்ப்புக்குக் கணக்காவது 173 மீட்டர் கிடைத்தூரம் மட்டுமே. ஆகவே இரு திசையிலும் தோட்டா சற்று மேலேதான் படும். தாழ்வுக்குச் சரிவு காரணமாகாது.

இந்தக் கணக்கெல்லாம் இங்கே யாருக்கு? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவில் இடமில்லை. அது நல்ல முடிவு. ஆனால் துப்பாக்கியின் வேலை முழுதும் தீர்ந்துவிடவில்லை. மக்காச்சோளம் பெருவாரியாக விளையும் பெரம்பலூர் மாவட்டத்தில், கதிர் பால்பிடிக்கும் நாளில் காட்டுப்பன்றிகள் கொல்லையில் இறங்கினால் ஒரே இரவில் பட்டம் போய்விடும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். உழவர் தாமே சுட அனுமதியில்லை.

காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி என்றால் அது ஊருக்குள்தான். பம்புசெட்டு, கொட்டகை, மாட்டுக்கொட்டில், கொல்லைக் காவலுக்குப் படுத்திருக்கும் ஆள். குறி ஒரு சாண் தாழ்ந்தால் பன்றி சாகாது. கால் முறிந்து, வலியோடு புதருக்குள் ஓடும், எதிரே வருபவரைப் பாயவும் செய்யும். குறி உயர்ந்தால் அதைவிடக் கேடு.

அந்தக் கேட்டை இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடுதளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்தான். அதே மாதத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலும், நாரணமங்கலம் துப்பாக்கிச் சுடுதளத்துக்கு அப்பால், மருதடி ஈச்சங்காட்டில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு தோட்டா விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

100 மீட்டரில் உள்ள தாளைச் சுடும்போது குழல் ஒரு பாகை உயர்ந்தால், தோட்டா ஒன்றே முக்கால் மீட்டர் மேலே போகும். சில பாகை உயர்ந்தால் தடுப்பு மண்மேட்டையே தாண்டும். தாண்டிய தோட்டா இரண்டு கிலோமீட்டர் போவதற்கு அந்தச் சில பாகையே போதும். பாறையில் பட்டுத் தெறித்தாலும் அதே கதை. காற்று அதன் வேகத்தில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும். ஆனாலும் விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும். தோலைத் துளைக்க விநாடிக்கு அறுபது மீட்டரே போதும். சிறிய .22 தோட்டாகூட ஒன்றரைக் கிலோமீட்டர் போகக்கூடியது.

எனவே குறி நேர்படுத்தும் வேலையில் இருப்பவர்களிடம், அவர்கள் வனத்துறையினராக இருந்தாலும், காவலராக இருந்தாலும், விளையாட்டு வீரராக இருந்தாலும், கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. தாளுக்குப் பின்னால் கல்லில்லாத உயரமான மண்மேடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் தோட்டாவைப் போடுங்கள். எந்தப் பெட்டித் தோட்டாவைக் கொல்லைக்குக் கொண்டுபோகப் போகிறீர்களோ, அதே பெட்டியிலிருந்து எடுத்துச் சுட்டுப் பாருங்கள். ஒரு தொலைவில் பட்டது போதும் என்று எழுந்துவிடாமல் இரண்டாவது தாளையும் வையுங்கள். சுடுதளங்களை நடத்தும் துறைகள், தோட்டா எட்டக்கூடிய மூன்று கிலோமீட்டர் வரை அந்தத் திசையில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதை ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து, அந்த விவரத்தை ஊராட்சிகளுக்கும் தெரிவிக்க வேண்டும்.